கப்பல் நாள் பட்டினி

போன மாதம் நீங்கள் நாலைந்து பேர் என்னைப் பார்க்க வந்திருந்தீர்கள். புதிதாக வேலையில் சேர்ந்த நர்சுகள், சுகாதார ஆய்வாளர்கள். அதில் ஒருத்தி, பெயரைச் சொன்னால் என்னோடு பேசமாட்டாள், “இங்க எல்லாரும் கண்டதையும் பாக்கெட் பாக்கெட்டா தின்னுதான் மேடம் உடம்பக் கெடுத்துக்கிறாங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்கன்னு சொன்னா சிரிக்கிறாங்க” என்று பொரிந்து தள்ளினாள். தள்ளிக்கொண்டே என் வீட்டு மிக்சர் டப்பாவைப் பாதி காலி செய்தாள். மதியச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றாள். அப்போது என் வீட்டில் சாயங்கால டீக்கு அடுப்பு மூட்டியாகிவிட்டது.

அவளைத் திட்ட மனம் வரவில்லை. பசித்த பிள்ளையிடம் புத்திமதி செல்லாது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எழுத உட்கார்ந்தால் நினைவுக்கு வருவது புத்திமதி இல்லை, ஒரு கப்பல் நாள்தான். அதையே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். படிப்பதற்கு முன்னால் சாப்பிட்டுவிடுங்கள்.

நான் அந்தமானின் இந்த மாயாபந்தர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்தது அறுபதுகளின் கடைசியில். விருதுநகர்ப் பக்கத்துப் பெண். கடலைக் காலண்டரில்தான் பார்த்திருந்தேன். இங்கே வந்து பார்த்தால், ஊரே கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அரிசி, பருப்பு, வெங்காயம், கடிதம், மாப்பிள்ளை, மருந்து எல்லாம் கப்பலில்தான் வரவேண்டும். போர்ட் பிளேரிலிருந்து கப்பல் வருகிறது என்று தெரிந்தால் போதும், பாதி ஊர் ஜெட்டிக்கு இறங்கிவிடும். அன்றைக்கு எந்த வீட்டிலும் வேளைக்கு உலை வைக்கமாட்டார்கள். வருகிறவர்கள் வந்த பிறகு சேர்த்துப் பொங்கிக்கொள்ளலாம் என்று பெண்களும் மேட்டில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கப்பலா, சொன்ன நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை. கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். மாயாபந்தரில் கப்பல் தாமதித்தாலே எல்லோர் கையும் கன்னத்தில்தான். ஒரு கை கன்னத்தில், இன்னொரு கையில் போண்டா. நீங்கள் பாக்கெட்டைத் திட்டுகிறீர்கள். எங்கள் காலத்தில் பாக்கெட் கிடையாது, கடாய் இருந்தது. ஜெட்டி டீக்கடைக் கடாயில் எண்ணெய் கறுக்கக் கறுக்க போண்டா பொரியும். பன்னும் சீனி தூக்கலான டீயும் பறக்கும். மறுநாள் காலை எங்கள் புறநோயாளி வரிசையில் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. காலை எட்டு மணி, மதியம் ஒரு மணி, இரவு எட்டு மணி என்று சாப்பாட்டு நேரம் எழுதிய அட்டை ஒன்றை வராந்தாவில் தொங்கவிட்டேன். ஒரு வங்காளத்து அம்மா, கத்திரிக்காய் விளைவிக்கிறவர், அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “ஆட் பஜே? தப் தக் ஆதா கேத் ஹோ ஜாதா ஹை, சிஸ்டர்ஜி” என்று வாயைப் பொத்திச் சிரித்தார். எட்டு மணிக்குள் அவர்கள் பாதி வயல் வேலையை முடித்துவிடுகிறார்களாம். அவர் சிரித்தது நியாயம்தான். எங்கள் கடிகாரம் மெயின்லாண்டுக் கடிகாரம். சூரியனோ இந்தத் தீவின் சூரியன். அது மெயின்லாண்டுக்கு முன்னாலேயே எழுந்து, முன்னாலேயே போய்ப் படுத்துவிடும். ஆபீசில் சாப்பாட்டு மணி அடிக்கும்போது வயிற்றுக்குள் மத்தியானம் எப்போதோ கடந்திருக்கும். அட்டையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன்.

இனி காதர் பாய் கதைக்கு வருகிறேன்.

பஜாரில் இருந்த பெரிய மளிகைக் கடை அவருடையது. கீழக்கரைப் பக்கத்து ஊர்க்காரர். குடியேற்றம் தொடங்கிய நாளிலேயே வந்து, தகரக் கொட்டகையில் கடை போட்டு, பிறகு ஊருக்கே முதலாளி ஆனவர். கனத்த உடம்பு, அத்தர் வாசனை, தெருமுனை வரை கேட்கும் சிரிப்பு. மானஸ்தர். பீடி புகைகூட அவர் பக்கம் வராது. அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. தினமும் காலையில் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். இது டாக்டருக்கும் எனக்கும் அவர் மனைவி ரஹ்மத் அக்காவுக்கும் மட்டும் தெரியும்.

அவர் மறைத்ததற்குக் காரணம் அவருடைய ஒரே மகள். “வாப்பாவுக்கே ஊசின்னு தெரிஞ்சா, பொண்ணுக்கும் நாளைக்கு வரும்பாக, சிஸ்டர். அப்புறம் எவன் வந்து கேப்பான்? எம்புள்ள வீட்டோட கெடக்கும்” என்று முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். யாரிடமும் மூச்சுவிடமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் அப்போது மண்ணெண்ணெயில் ஓடும் ஃபிரிட்ஜ் ஒன்று இருந்தது. இன்சுலின் அதற்குள்தான். மண்ணெண்ணெய் கொடுப்பது பாயின் கடை. அதனால் விடிந்ததும் விடியாததுமாக அவர் பின்வாசல் வழியாக வருவார். “திரி சரியா எரியுதான்னு பாக்க வந்தேன்” என்பார். ஊசி போட்டுக்கொண்டு போய்விடுவார். ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜின் மேல் பாய்க்கு அப்படி ஒரு பாசம் என்று பஜாரில் பேச்சு. தர்மவான் என்றுகூடச் சொன்னார்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டுவேன்.

ஒவ்வொரு நாளும் ஊசி போடும்போது நான் சொல்வது ஒன்றுதான். ஊசி உள்ளே போனால் சோறும் உள்ளே போக வேண்டும். சோறு போகாவிட்டால் ஊசி வேலை செய்துகொண்டே இருக்கும், உடம்பில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும், ஆளையே கீழே தள்ளிவிடும். பாய் இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சட்டைக் கையை இறக்குவார்.

அந்தக் கப்பல் நாளும் அப்படித்தான் வந்தார். புதுச் சட்டை, வழக்கத்துக்கு இரண்டு மடங்கு அத்தர். மகளைப் பெண் கேட்டு கீழக்கரையிலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார், தாயார், தாய்மாமன் மூன்று பேரும் மெட்ராசில் கப்பலேறி, போர்ட் பிளேரில் இறங்கி, அங்கிருந்து தீவுக் கப்பலில் மாயாபந்தருக்கு வருகிறார்கள். பேச்செல்லாம் முடிந்துவிட்டது, பார்த்து நிச்சயம் செய்வதுதான் பாக்கி.

“போன உடனே பசியாறணும் பாய்” என்றேன்.

“வீட்ல இடியாப்பம் அவிச்சு வச்சாச்சு, சிஸ்டர். போனதும் அதான் வேல” என்று சிரித்துக்கொண்டே போனார்.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. பாதி வழியில் யாரோ கப்பல் புகை தெரிகிறது என்று சொல்ல, நேராக ஜெட்டிக்கு இறங்கிவிட்டார். கப்பலும் உண்மையிலேயே கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் ஜெட்டியை ஒட்ட இடம் இல்லை. மரம் ஏற்றிய பார்ஜ் ஒன்று, இழுத்துப் போக வேண்டிய படகுக்காகக் காத்துக்கொண்டு இடத்தை அடைத்து நின்றது. கப்பல் வராமலே இருந்தால் பாய் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார். கண்ணெதிரே நிற்கிற கப்பலை விட்டுவிட்டு யார் போவார்கள்? இதோ, இதோ என்று வெயிலில் நின்றுவிட்டார்.

டாக்டர் டிக்லிப்பூர் முகாமுக்குப் போயிருந்தார். நான் புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பல் ஜெட்டிக்கு வரும் சங்கு கேட்ட பிறகுதான், மருந்துப் பெட்டிகளை வாங்குவதற்காக காயத்துக்குக் கட்டுப்போடும் எங்கள் டிரெஸ்ஸரையும் அழைத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

ஜெட்டியில் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பாய் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு முன்னால் போனார். போனவர், சாமான் தூக்க வந்த ராஞ்சிக்காரரைக் கட்டிப்பிடித்து, “வாங்க சம்பந்தி” என்றார். நிஜச் சம்பந்தி பக்கத்தில் நின்று முழித்தார். அவர் சலாம் சொல்லிக் கையை நீட்ட, பாய் அதைத் தட்டிவிட்டு, “யாருய்யா நீ? வழிய விடு” என்றார். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

ராஞ்சிக்காரர் மெதுவாகத் தன்னை விடுவித்துக்கொண்டு, “பாய்ஜி தோ பீ லியா” என்று சிரித்தார். பாய் குடித்திருக்கிறார் என்று அவர் சொன்னது, ஹிந்தி தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

மாப்பிள்ளையின் தாய்மாமன் முகம் சுண்டிப் போனது. அவர் தன் மச்சானிடம், எல்லோருக்கும் கேட்கும்படியே, “நல்ல எடமா பாத்தீக, மச்சான். பட்டப்பகல்லயே ஊத்திக்கிட்டு வந்து நிக்கிறாரு. கப்பல் சாயங்காலம் திரும்புதாம். மூட்டையப் பிரிக்காம இதுலயே போயிருவோம்” என்றார்.

நான் டீக்கடைக்காரரைப் பார்த்தேன். “பாய் ஏதாவது சாப்பிட்டாரா?” என்று கேட்டேன்.

“காலைலேந்து இங்கதான் நிக்கிறாரு, சிஸ்டர். ஒரு டீ போடவான்னு கேட்டேன். சம்பந்தி வரட்டும், சேந்து குடிக்கலாம்னுட்டாரு.”

பாயின் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. விரல்கள் நடுங்கின. இது குடி இல்லை. காலையில் நான் போட்ட ஊசி வெறும் வயிற்றில் வேலை செய்துகொண்டிருந்தது. உடனே இனிப்பு உள்ளே போகாவிட்டால் அடுத்து மயக்கம், வலிப்பு. அதற்கு அடுத்ததை நான் நினைக்க விரும்பவில்லை.

“ஒரு கிளாஸ்ல நெறைய சீனி போட்டுக் குடுங்க” என்றேன்.

“சீனி கதம், சிஸ்டர், தீந்துபோச்சு. காலைலேந்து கூட்டம். டீயும் கதம், போண்டாவும் கதம். புதுச் சீனி கப்பலுக்குள்ள இருக்கு.”

கப்பலின் சரக்கு அறை திறந்து மூட்டைகள் இறங்க இன்னும் வெகுநேரம் ஆகும். ஊரில் சீனி வைத்திருந்த பெரிய கடை பாயுடையது. அதைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் அவர் வந்திருந்தார். சின்னக் கடைக்காரர்களும் கடையை மூடிவிட்டு ஜெட்டியில்தான் நின்றார்கள். டிரெஸ்ஸரின் காதோடு சொல்லி, குளுக்கோஸ் எடுத்துவர மேட்டுக்கு ஓடவிட்டேன். ஓடினார். ஆனால் ஆஸ்பத்திரி இருக்கும் அந்த மேட்டில் ஏறி இறங்க எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும்.

பிள்ளைகளே, இங்கேதான் கொஞ்சம் நிற்கச் சொல்கிறேன். எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. அவருக்குச் சர்க்கரை வியாதி, ஊசி போட்டிருக்கிறேன் என்று உரக்கச் சொன்னால் குடிகாரர் என்ற பெயர் போகும். அவர் மகளுக்காக இத்தனை காலம் காத்த ரகசியமும் போகும். சொல்லாமல் விட்டால் ரகசியம் நிற்கும், மானம் போகும், கல்யாணமும் அதோடு போகும். நான் இரண்டையும் ஒதுக்கிவிட்டேன். உயிர் முதலில், மானம் பிறகு, கல்யாணம் அதற்கும் பிறகு என்று மனதுக்குள் வரிசை போட்டுக்கொண்டேன். இந்த வரிசை கிடைத்துவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளையின் தாயாரைக் கவனித்தேன். வெள்ளைத் துப்பட்டி போர்த்திய கனத்த மாது. ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, மடியில் பச்சைத் துணி மூட்டை ஒன்றை இரண்டு கைகளாலும் அணைத்து வைத்திருந்தார். கடல் பயணம் முழுக்க அப்படியே வைத்திருந்திருப்பார் போல.

“அம்மா, அதுக்குள்ள என்ன?” என்று கேட்டேன்.

“நிச்சயச் சீனி. ஏன்?”

“அத இப்ப அவுக்கணும்.”

அவர் மூட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டார். “பொண்ணோட உம்மா மடியில வச்சுத்தான் அவுக்கணும், நர்ஸம்மா. வழியில அவுத்தா பேச்சு முறிஞ்சுபோச்சுன்னு எங்க பக்கம் அர்த்தம்.”

“தெரியாமத்தான் கேக்கறேன், மன்னிச்சுக்குங்க. ஆனா இப்ப அவுக்கணும்.”

“அவருக்கு என்ன?” என்று கேட்டார். என் கண்ணை நேராகப் பார்த்துக் கேட்டார்.

“பசி” என்றேன்.

தாய்மாமன் சிரித்துவிட்டார். “பசியா? பசி வந்தா ஆளு தள்ளாடுமா?”

எனக்குக் கோபம் வந்தது. “தள்ளாடும். விடியக்காலத்துலேருந்து உங்களுக்காகப் பச்சத்தண்ணி பல்லுல படாம வெயில்ல நிக்கிற மனுஷன். நீங்க வராம பசியாற மாட்டேன்னு நின்னவரு. இன்னும் கொஞ்ச நேரம் போனா கீழ விழுந்துருவாரு. அப்புறம் இந்தச் சீனிய எந்த வீட்ல கொண்டுபோய் வைப்பீங்க?” என்றேன். சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ரகசியத்தில் ஒரு வார்த்தையும் வெளியே வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அந்தப் பதிலில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்த அம்மா பாயைப் பார்த்தார். நனைந்த சட்டையை, நடுங்கும் கையைப் பார்த்தார். பிறகு யாரையும் கேட்காமல் மூட்டையை அவிழ்க்கத் தொடங்கினார். கடல் ஈரத்தில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தார்.

டீக்கடைக்காரர் பாய்லரில் மிச்சமிருந்த வெந்நீரைக் கிளாசில் பிடித்து, பச்சைத்தண்ணீர் விட்டு ஆற்றிக் கொடுத்தார். கைநிறைய சீனியை அள்ளிப் போட்டு, விரலாலேயே கலக்கி, பாயை யாரோ இறக்கிவைத்த சாமான் மூட்டைமேல் உட்காரவைத்து நீட்டினேன். பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “சம்பந்தி குடிக்காம எனக்கு வேணாம்” என்றார். அந்த நிலையிலும் மரியாதை விடவில்லை. எனக்கு அழுகையும் வந்தது, அறையலாம் போலவும் இருந்தது.

மாப்பிள்ளையின் தகப்பனார் நல்ல மனிதர். “அதுக்கென்ன, நான் ஒரு வாய் குடிச்சிட்டுத் தாரேன்” என்று கையை நீட்டினார். கிளாஸ் அவர் கைக்குப் போகுமுன் அவர் மனைவி சட்டென்று வாங்கி, தான் ஒரு மிடறு குடித்துவிட்டு, “நாங்க குடிச்சாச்சு. இப்ப நீங்க குடிங்க” என்று பாயிடம் கொடுத்தார். எதற்கு இவ்வளவு அவசரம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பாய் குடித்தார். இன்னொரு கிளாஸ் கலக்கினேன். அதையும் குடித்தார்.

கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணில் வெளிச்சம் திரும்பியது. சுற்றிலும் பார்த்தார். எதிரே சம்பந்தி, அவிழ்ந்து கிடந்த பச்சை மூட்டை, சுற்றி ஊர்க்கூட்டம். என்ன நடந்திருக்கும் என்று புரிந்து அவர் முகம் சிறுத்துப்போனதை என்னால் பார்க்க முடியவில்லை. குளுக்கோஸ் பாட்டிலோடு டிரெஸ்ஸர் மூச்சிரைக்க வந்தார். கண்ணைக் காட்டினேன். அவர் பாட்டிலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டார்.

“வீட்டுக்குப் போவோம், வாங்க” என்று மாப்பிள்ளையின் தாயார்தான் முதலில் எழுந்தார். தாய்மாமன் கப்பலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தார். அவர் இன்னும் சாயங்காலக் கணக்கில்தான் இருந்தார்.

நானும் கூடவே போனேன். சீனித் தண்ணீர் வைக்கோல் தீ மாதிரி. குப்பென்று எரிந்து அணைந்துவிடும். அதற்குள் சோறு விழவேண்டும். வீட்டுக்குப் போனவுடன் பாய் உட்கார்ந்து சாப்பிடுவார் என்று நினைத்தேன். அவர்கள் வீட்டு விருந்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கூடத்தில் விரிப்பு விரித்து நடுவில் பெரிய சஹன் வைத்தார்கள். சஹன் என்றால் அகலமான தட்டு. நெய்ச்சோறும் கறியும் அதில் குவித்திருக்கும், நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து அதிலிருந்தே சேர்ந்து சாப்பிடுவார்கள். சம்பந்தியும் தாய்மாமனும் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பாய் உட்காரவில்லை. தண்ணீர்ச் செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, விருந்து முடியும்வரை பரிமாறப்போகிறவராக நின்றார். நெற்றியில் மறுபடியும் வேர்வை அரும்பியது.

பெண்கள் பக்கம் திரைக்கு இந்தப்புறம் இருந்தது, திரை இடுக்கில் கூடம் தெரிந்தது. அங்கிருந்து ரஹ்மத் அக்காவைக் கூப்பிட்டுக் காதோடு சொன்னேன். “அக்கா, அவர இப்பவே சாப்பிட வையுங்க.”

“நான் சொன்னா கேப்பாகளா, சிஸ்டர்? பொண்ணு கேட்டு வந்தவுக கை கழுவாம இவுக கை நனைக்க மாட்டாக. அது எங்க மாமனார் காலத்துலேருந்து பழக்கம்” என்றார். அவர் கண்ணில் நீர் முட்டி நின்றது. பக்கத்து அறையில் அவர்கள் மகள், பட்டுச் சேலையோடு, வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு நோயாளியிடம் என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். கேளுங்கள். அதோடு, யார் வராமல் சாப்பிடமாட்டீர்கள், யார் சாப்பிடாமல் சாப்பிடமாட்டீர்கள் என்றும் கேளுங்கள். கணவன் வராமல் சாப்பிடாத மனைவி, விரதம், விருந்து, கப்பல் என்று நம் ஊர்ப் பசிக்கு ஆயிரம் முதலாளிகள். மருந்துச் சீட்டில் அதற்கு இடம் விட்டிருக்கமாட்டார்கள். நான் அன்றைக்கு அந்தத் திரைக்குப் பின்னால் நின்றுதான் இதைக் கற்றேன்.

பாயின் கையில் செம்பு ஆடியது. தண்ணீர் தளும்பி விரிப்பில் சிந்தியது. தாய்மாமன் நிமிர்ந்து பார்த்தார். இனி வாக்காவது மண்ணாங்கட்டியாவது, திரையை விலக்கி எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று எழுந்தேன். என் புடவைத் தலைப்பை யாரோ பிடித்து இழுத்தார்கள். மாப்பிள்ளையின் தாயார்.

“உக்காருங்க” என்றார். பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, “அவருக்கு ஊசியா, மாத்திரையா?” என்று கேட்டார்.

நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

“சொல்ல வேணாம். சொல்ல மாட்டீகன்னு ஜெட்டியிலயே பாத்தேன்” என்றார். “எங்க வீட்டுக்காரருக்கு மாத்திரை. வயித்துவலி மாத்திரைன்னு ஊர்ல சொல்லி வச்சிருக்கோம். எந்தம்பிக்கே தெரியாது. இது தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டாகளோன்னு கப்பல் ஏறின நாளா எனக்குத் தூக்கம் இல்ல.”

சொல்லிவிட்டு அவர் எழுந்து திரை ஓரம் போய் நின்றார். துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, உள்ளே இருந்த தன் கணவருக்குக் குரல் கொடுத்தார். “இங்க பாருங்க. சம்பந்தி உக்காராம சஹன்ல யாரும் கை வைக்காதீக. அஞ்சு பேரு சஹன்ல நாலு பேரு சாப்பிடுறது எங்க ஊர்ல பழக்கம் இல்ல.”

அவர் கணவர் சோற்றுப் பக்கம் போன கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஊர்ப் பெரியவர்களும் வைத்துக்கொண்டார்கள். தாய்மாமன் தன் அக்காவின் குரலுக்கு எதிர்க்குரல் கொடுத்துப் பழக்கமில்லாதவர் என்று தெரிந்தது. அவர் கையும் இறங்கியது. சோறு நடுவில் ஆவி பறந்துகொண்டிருக்க, நாலு பேரும் பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

விருந்தாளியைப் பட்டினி போடுவதா, விருந்தாளிக்கு முன்னால் உண்பதா? பாய் தவித்துப்போனார். கடைசியில் செம்பைக் கீழே வைத்துவிட்டு, சம்பந்தியின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சம்பந்தியே முதல் கறித்துண்டைப் பிய்த்து அவர் பக்கம் வைத்தார். ஐந்து கைகளும் ஒன்றாகச் சோற்றில் இறங்கின. ரஹ்மத் அக்கா அடுப்படிச் சுவரில் சாய்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். நர்ஸ் அழக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நோயாளி சாப்பிடும்போது அழலாம்.

கடைசியில் வட்டலாப்பம் வந்தது. கருப்பட்டியும் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த இனிப்பு, வாசனை திரைக்கு இந்தப் பக்கம் வரை வந்தது. சம்பந்தி, “நீங்க எடுத்துக்குங்க” என்று பாய் பக்கம் நகர்த்தினார். “விருந்தாளி நீங்க, நீங்க எடுத்துக்குங்க” என்று பாய் திருப்பி நகர்த்தினார். இப்படி அந்தத் தட்டு போவதும் வருவதுமாக இருந்தது. இருவருக்கும் நாக்கில் நீர் ஊறியது முகத்தில் தெரிந்தது, இருவரும் தொடவில்லை. அன்றைக்கு ஒருநாள் பாய் ஒரு துண்டு தின்றிருந்தால் நான் தடுத்திருக்கமாட்டேன். அதைப் போய் அவரிடம் சொல்லவா முடியும்? இரண்டு பேர் பங்கையும் தாய்மாமன் தின்று தீர்த்தார். அதற்குப் பிறகு அவர் கப்பலைப் பற்றிப் பேசவில்லை.

கை கழுவியதும் மாப்பிள்ளையின் தாயார் பச்சை மூட்டையை எடுத்து வந்தார். அவிழ்த்த முடிச்சை மறுபடி போடவில்லை, துணி தளர்ந்து கிடந்தது. ரஹ்மத் அக்காவின் முன்னால் வந்து உட்கார்ந்தார். அந்த மூட்டை அவர் மடிக்கு வருமா வராதா என்பதில்தான் அவர் மகளின் வாழ்க்கை இருந்தது. பக்கத்து அறையில் வளையல் சத்தம்கூட இல்லை.

“கொஞ்சம் குறையும், சம்பந்தி” என்றார் அந்த அம்மா. “குறைஞ்சது உங்க வீட்டுக்காரர் வயித்துல இருக்கு.”

ரஹ்மத் அக்கா மடியை விரித்து வாங்கிக்கொண்டார்.